அவந்தி ராஜாவின் கால்

வைத்தியம் படித்தவனுக்கு வாயைக் கட்டத் தெரிய வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ராவ் சாகிப் விருத்தாசலத்துக்கு இருந்த மூலவியாதியை விழுப்புரம் ஜங்ஷன் காப்பிக் கடையில் வைத்து ஒரு கம்பவுண்டர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு ராவ் சாகிப் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஓடிப்போய் மெத்தை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். கலியாண வீட்டில் பந்தியில் உட்காரும்போதுகூட, "மெதுவா, மெதுவா" என்றார்கள். ரிட்டையர்டு டிப்டி கலெக்டர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? 1936இல் 'தென்னார்க்காடு வைத்திய தர்ம கதாபோதனா சபை' பிறந்தது.

சபையின் தலைமை ஆபீஸ் விழுப்புரத்தில், ராவ் சாகிப் வீட்டு மாடியில். பள்ளிக்கூடமும் அதைச் சேர்ந்த சின்ன ஆஸ்பத்திரியும் திண்டிவனத்தில். கம்பவுண்டர் வேலைக்குப் பையன்களும் மருத்துவச்சி வேலைக்குப் பெண்களும் அங்கே படித்தார்கள். மருந்து கலக்குவது எப்படி என்பதைக் காலையில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மீதிப் பொழுதெல்லாம் தர்மம்தான். தர்மத்தை வெறுமனே சொன்னால் மண்டையில் ஏறாது, கதையாகச் சொன்னால்தான் ஏறும் என்பது ராவ் சாகிப்பின் சித்தாந்தம். அதற்காகவே சீனுவாச பாகவதரைக் கதாபோதகராக நியமித்தார். பாகவதர் பல ஊர்களில் காலட்சேபம் செய்து, போன ஊருக்கு மறுபடியும் யாரும் கூப்பிடாததால் வைத்தியத் துறைக்கு வந்தவர்.

தினம் சாயங்காலம் பள்ளிக்கூடக் கொட்டகையில் கதை நடக்கும். ஆர்மோனியம் உண்டு, முடிவில் சுண்டல் உண்டு. ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் படுத்திருக்கிற நோயாளிதான் கதாநாயகன். ஆனால் அவன் பெயர் மட்டும் வெளியே வரவே கூடாது. அதனால் கட்டிலில் படுத்தவுடனேயே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தேசத்து ராஜா என்று பெயர் வைத்துவிடுவார்கள். "கலிங்க ராஜாவுக்கு இன்னும் பேதி நிற்கவில்லை", "மகத ராஜாவுக்குச் சிரங்கு எண்ணெய் போட்டாச்சா" என்றுதான் அங்கே எல்லோரும் பேசிக்கொள்வார்கள். கதைக்கு ஊர் ஜனங்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். நோயாளியின் சொந்தக்காரர்களை மட்டும் விடமாட்டார்கள். அவர்கள் கேட்டால் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? ரகசியம் என்னாவது?

இந்த ஏற்பாடு இரண்டு வருஷம் அமோகமாக நடந்தது. அப்போதுதான் மயிலத்துக்கு மேற்கே ஒரு குக்கிராமத்தில் இருந்து அம்சவல்லி வந்து சேர்ந்தாள்.

அவள் புருஷன் சின்னக்கண்ணு திண்டிவனத்து மண்டியில் மூட்டை தூக்குகிறவன். சனிக்கிழமை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய வண்டி அவன் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கிவிட்டது. பக்கத்தில் எது ஆஸ்பத்திரியோ அங்கே போட வேண்டும் என்று நினைத்த வண்டிக்காரன் அவனைச் சபை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் அம்சவல்லி வாசலில் வந்து நின்றாள். கேட் காவல்காரர் அந்தோணிசாமி அவளை நிறுத்தினார்.

"யாரைப் பாக்கணும்?"

"எங்க வூட்டுக்காரரைங்க. நேத்து மண்டியில வண்டி ஏறிடுச்சாம். இங்கதான் தூக்கிக்கினு வந்தாங்கன்னு சொன்னாங்க."

"பேரு?"

அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"பேரு சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

அந்தோணிசாமி திகைத்துப்போனார். அந்த வாக்கியத்தை வாத்தியார்கள் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார். உள்ளே ஓடினார். சீனுவாச பாகவதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார். பின்னால் ஒரு வகுப்பே வந்தது.

"அம்மா, இன்னொரு தரம் சொல்லு. நோயாளியின் பெயர் என்ன?"

"சொல்லக் கூடாதுங்க சாமி."

"உயிரே போனாலும்?"

"அவரு உசுரு போயிடக் கூடாதுன்னுதாங்க சொல்றதில்ல."

பாகவதருக்குக் கண் கலங்கிவிட்டது. மாணவர்களைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்து வாசனை இல்லாத பெண்பிள்ளை. நோயாளியின் ரகசியத்தைத் தன் பிராணனாக மதிக்கிறாள். நான் உங்களுக்கு இரண்டு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாத விஷயம் இது. நாளைக்குள் ஒவ்வொருவரும் இவளைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டு வர வேண்டும்."

"சாமி, அவரைப் பாக்கலாமா?" என்றாள் அம்சவல்லி.

"யாரை?"

"எங்க வூட்டுக்காரரை."

"யாரென்று நீ சொல்லவில்லை. சொல்லாததுதான் உன் பெருமை" என்று சொல்லிவிட்டு அவளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அவள் பின்னால் நடக்கப் பார்த்தாள். அந்தோணிசாமி கேட்டைச் சாத்தினார்.

அன்று முழுக்க அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஆர்மோனியச் சத்தம் கேட்டது. உள்ளே புருஷன் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறானா, தூங்குகிறானா, இருக்கிறானா என்றே தெரியாமல் ஒருத்தி ஆர்மோனியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மயிலத்து முருகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். கலியாணம் ஆன நாளில் இருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரை, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சின்னக்கண்ணுங்க" என்றாள்.

அந்தோணிசாமி காதைப் பொத்திக்கொண்டார். பாகவதர் வந்து, இடி விழுந்தவர்போல நின்றார்.

"என்ன காரியம் பண்ணிவிட்டாய்? உன்னைப் பற்றி முப்பது கதை எழுதிவிட்டார்கள். அவ்வளவையும் இப்போது கிழிக்க வேண்டும்."

"கிழிச்சிக்கோங்க சாமி. அவரைக் காட்டுங்க."

"அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் ராஜாக்கள்."

"எந்த ராஜாவா இருந்தா இன்னாங்க, காலு நசுங்கினவரைக் காட்டுங்க."

பாகவதர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்த ராஜாவுக்குக் கால் நசுங்கியது என்று காட்டிவிட்டால் அவன் யாரென்று உனக்குத் தெரிந்துவிடுமே அம்மா. இதற்கெல்லாம் தலைவர்தான் உத்தரவு தர வேண்டும். விழுப்புரம் போய் அவரைப் பார்."

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அம்சவல்லி விழுப்புரம் கிளம்பினாள். எதிரே கருவாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு முனியம்மாள் என்பவள் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டியில் கருவாடு விற்கிறவள், திண்டிவனத்துக்காரி. வண்டி நகர்ந்ததும் பேச்சை ஆரம்பித்தாள்.

"நீ அவந்தி ராஜா கதை கேட்டியா? ரெண்டு நாளா சபையில அதான் நடக்குது. மயிலத்துப் பக்கத்து ஆளாம். மண்டியில மல்லாட்டை வண்டி கால் மேல ஏறிடுச்சாம். பாதம் கறுத்துப் போச்சி, எடுக்கலன்னா மேல ஏறிடும்னு டாக்டரு சொல்றாராம். பொண்டாட்டி வந்து சரின்னு சொன்னாத்தான் எடுப்பாங்களாம். அந்தப் பாவி எட்டிக்கூடப் பாக்கலையாம். பாகவதரு அத்தப் பாடினாரு பாரு, கேட்டவங்கல்லாம் அழுதுட்டாங்க. நான் அந்தப் பொம்பளைய வாய்க்கு வந்தபடி திட்டிட்டு சுண்டலை வாங்கிக்கினு வந்தேன்."

அம்சவல்லி கூடைக்கு மேலாக அவள் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பொம்பள நான்தான்" என்றாள்.

பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இருந்த மல்லாட்டைத் தரகர் ஒருவர், "அப்ப வேப்பமரத்து ஜன்னலோரக் கட்டில்ல இருக்கிறது உன் புருஷனா? முட்டியில தழும்பு இருக்குமே, மாடு முட்டினது?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"கதையில எல்லாம் வருதும்மா. பேரு ஒண்ணுதான் வராது."

"திண்டிவனத்துக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் சொல்லலையே" என்றாள் அம்சவல்லி.

"நீ சொந்தக்காரின்னு சொல்லிட்டியா? பேஜாரே அங்கதான்" என்றாள் முனியம்மாள். "யாரோ எவரோன்னு சொல்லியிருந்தா உள்ள விட்டு உக்கார வெச்சிருப்பாங்க." பிறகு தான் திட்டியது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கிரவாண்டி வரைக்கும் விடவில்லை.

விழுப்புரத்தில் ராவ் சாகிப் மாடியில் மெத்தை மேல் உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி கும்பிட்டாள்.

"காலை எடுக்கச் சொல்லுங்க சாமி. எனக்குச் சம்மதம்."

"யாருடைய காலை?"

"எங்க வூட்டுக்காரரு காலை."

"அந்தக் காலை எடுக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? எங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னார்களா?" ராவ் சாகிப்பின் குரல் கடுமையாகியது.

"இல்லைங்க. ரயில்ல சொன்னாங்க."

கடுமை போய் அவர் முகம் மலர்ந்தது. "ரயில் வரைக்கும் நம் கதை போய்விட்டதா? பெயர் சொன்னார்களா?"

"பேரு சொல்லலைங்க. ஊரு, கட்டிலு, முட்டித் தழும்பு எல்லாம் சொன்னாங்க."

"அதெல்லாம் அடையாளம். அடையாளம் வேறு, பெயர் வேறு. அந்தக் காப்பிக் கடைப் பயல், 'விழுப்புரத்தில் பெரிய வீட்டு மாடியில் இருக்கிற ஒரு தேசத்து ராஜாவுக்கு மூலம்' என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? பெயரைச் சொன்னானே. அங்கேதான் அம்மா தர்மம் கெட்டது." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை நினைத்தார். பிறகு சொன்னார்: "நீதான் அவன் பெண்சாதி என்பதற்கு என்ன ஆதாரம்? நோயாளியைக் கேட்டோம். பெண்சாதி பெயர் என்னடா என்றால், 'அவ' என்கிறான். 'எங்க வூட்டுப் பொம்பள' என்கிறான். பெயரே இல்லாத ஒருத்தியிடம் நாங்கள் எப்படிச் சம்மதம் வாங்குவது?"

"எங்க பக்கத்துல புருஷன் பொண்டாட்டி பேரு சொல்லிக்க மாட்டோங்க."

"நல்ல வழக்கம். அதை நான் மாற்றச் சொல்லமாட்டேன்." ராவ் சாகிப் நெடுநேரம் யோசித்தார். "சரி. ஒரு வழி செய்கிறேன். நோயாளியைப் பற்றி உன்னிடம் நேராகச் சொல்ல முடியாது. கதையாகச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை விசேஷக் கதை வைக்கச் சொல்கிறேன், நானே தலைமை வகிக்கிறேன். நீ சொந்தக்காரியாக வராமல் கதை கேட்கிறவளாக வா. ராணியிடம் சம்மதம் கேட்கிற இடம் வரும். அப்போது எழுந்து சொல்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காலு தாங்குங்களா?"

"அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். என் விஷயம் தர்மம்."

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். வேப்பமரம் சுவருக்கு மேல் தெரிந்தது. ஒரு தடவை ஏறிக் குதிக்கப் பார்த்து, அந்தோணிசாமியிடம் மாட்டிக்கொண்டாள். "உன்ன இப்ப எல்லாருக்கும் தெரியும்மா. விட்டா என் வேலை போயிடும்" என்றார் அவர். வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். அம்சவல்லி ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க. தலையாட்டினாப் போதும்."

டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் வாயைத் திறக்கக் கூடாதும்மா. கதாபோதகர் மட்டும்தான் சொல்லலாம்" என்றார். தலையும் ஆட்டவில்லை. தலையாட்டுவது விதிக்கு உட்பட்டதா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கத்தி பிடிக்கத் தெரிந்த மனிதர், உள்ளே கட்டிலில் அழுகிக்கொண்டிருக்கிற பாதத்தை விட்டுவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. ராவ் சாகிப் மெத்தை நாற்காலியில் நடுநாயகமாக இருந்தார். முன்வரிசையில் டாக்டர். விசேஷக் கதைக்கு ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. வெள்ளிக்கிழமைகளில் ஜால்ரா போடுகிறவர் அந்தோணிசாமிதான். அம்சவல்லியை நடுவில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் முனியம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

பாகவதர் அவந்தி தேசத்தை வர்ணிக்க ஆரம்பித்தார். மதில்களை வர்ணித்தார், அகழியை வர்ணித்தார், அகழியில் இருந்த தாமரைகளை வர்ணித்தார். அம்சவல்லி எழுந்தாள்.

"எனக்குச் சம்மதங்க. எடுத்துடுங்க."

"உட்கார் அம்மா. தேர் இன்னும் புறப்படவே இல்லை" என்றார் பாகவதர்.

தேர் புறப்பட்டது. குதிரைகளின் சுழிகளுக்கு ஒரு பாட்டு. சக்கரம் ராஜாவின் பாதத்தில் ஏறியது. அதற்கு ஒரு விருத்தம். அம்சவல்லி மறுபடியும் எழுந்து, "சம்மதங்க" என்றாள். "ராஜவைத்தியர் இன்னும் வரவில்லை" என்று உட்காரவைத்தார்கள். கடைசியில் ராஜவைத்தியர் வந்து, ராணியிடம் கேட்டார். அம்சவல்லி மூன்றாம் தடவை எழுந்து வாயைத் திறந்தபோது ராவ் சாகிப் கையை உயர்த்தினார்.

"இது போதனா சபை. ராணி என்ன சொல்ல வேண்டும் என்று முதலில் மாணவர்கள் ஆராயட்டும்."

ஆராய்ந்தார்கள். ஒரு பையன், கால் போன ராஜா சிங்காதனம் ஏறலாமா என்று கேட்டான். ஒரு பெண், பதிவிரதை தன் காலைக் கொடுக்க வேண்டாமா என்றாள். இன்னொருவன், ராணிக்குச் சம்மதம் சொல்ல உரிமை இருக்கிறதா, மந்திரிக்கா என்று ஒரு கிளைக் கேள்வியைக் கிளப்பினான். பாகவதர் பூரித்துப்போனார். ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார். அதற்கு முன்னால் ராணியின் புலம்பல் பாக்கி இருப்பதால் அதைப் பாடிவிடலாம் என்று ஆர்மோனியத்துக்குச் சைகை காட்டினார்.

புலம்பல் நடந்துகொண்டிருக்கும்போது நிஜ ராணி எழுந்து நடந்தாள். மங்களம் பாடுவதற்கு முன்னால் கதையில் இருந்து எழுந்து போவது பெரிய அபசாரம். வரிசை வரிசையாக முறைத்தார்கள். அந்தோணிசாமி பார்த்தார். ஆனால் ஜால்ராவை நடுவில் நிறுத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் ஈ காக்கை இல்லை. கலிங்க ராஜா தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தான். அவள் வேப்பமரத்து ஜன்னலைத் தேடிப் போனாள். வாடைதான் முதலில் வந்தது. பிறகு சின்னக்கண்ணுவைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், காய்ச்சலில் கண் இடுங்கிப் படுத்திருந்தான்.

"நீ நெசமாவே வந்துட்டியா?" என்றான்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வாசல்லதான் நின்னுக்கினு இருக்கேன். விடமாட்டேன்னுட்டாங்க."

"வரலன்னு சொன்னாங்களே. பசங்க கதை சொல்லிப் பழகணும்னு தினம் என் பக்கத்துல உக்காந்து சொல்லுவாங்க. ராணி கல்நெஞ்சக்காரி, ராஜாவை வந்து பாக்கலன்னு. அவ அப்பிடிப்பட்டவ இல்லப்பான்னு ரெண்டு நாளு சொன்னேன். அப்புறம்..." அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அப்புறம் நானும் நம்பிட்டேன்."

கேட்டில் நின்றபோதும், ரயிலிலும், விழுப்புரம் மாடியிலும் அழாத அம்சவல்லி இப்போது உடைந்து அழுதாள். பாதத்தை வைத்துக்கொள்ளட்டும், அதை அவர்களுக்கே கொடுத்துவிடலாம். அவள்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை எடுக்க அவர்களுக்கு யார் சம்மதம் கொடுத்தது?

பின்னாலேயே முனியம்மாள் வந்துவிட்டாள். "அழுதுக்கினு நிக்காத. அந்தப் பக்கம் புடி. ஜல்தி" என்றாள். இரண்டு பேரும் அவனைப் போர்வையோடு தூக்கினார்கள். வெளியே, கதை கேட்க வந்தவர்களின் வண்டிகள் நின்றன. மல்லாட்டைத் தரகரின் வண்டி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் தெருமுனை திரும்பும்போது கொட்டகையில் பலத்த கைதட்டல் கேட்டது. ராணி சம்மதிக்கலாம் என்று சபை பெரும்பான்மையாகத் தீர்மானித்துவிட்டது.

மங்களம் பாடி, சுண்டல் கொடுத்த பிறகு டாக்டர் கத்தியோடு போய்ப் பார்த்தார். கட்டில் காலி. ராவ் சாகிப் கொஞ்சமும் கலங்கவில்லை. அந்த வருஷத்துச் சபை அறிக்கையில் இப்படி எழுதினார்: 'இவ்வாண்டும் நமது ஸ்தாபனத்திலிருந்து ஒரு நோயாளியின் பெயர்கூட வெளியே போகவில்லை. நோயாளி ஒருவர் போனார். அவர் யார் என்பதை வெளியிடுவதற்கில்லை.' அறிக்கை வாசிக்கப்பட்டபோது பலர் நெகிழ்ந்துபோனார்கள்.

வண்டி பக்கத்து ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தவர் அம்சவல்லியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை கொண்டுவந்திருந்தா பாதத்தோட போயிருக்கும். இப்ப முழங்காலுக்கு மேல எடுத்தாத்தான் உயிர் தங்கும். என்ன சொல்றீங்க?"

"எடுங்கம்மா" என்றாள் அம்சவல்லி. டாக்டரம்மா கை கழுவப் போய்விட்டார்.

சின்னக்கண்ணுவுக்கு மறுநாள் மயக்கம் தெளிந்தது. போர்வையின் வலது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் அவன். அம்சவல்லி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலில் ஒரு கிழவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா" என்று கூப்பிட்டான். "நாலு நாளு முன்னாடி வந்திருந்தா இம்மாந்தூரம் போயிருக்காது, இல்ல?"

அம்சவல்லி கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. வண்டி ஏறின அன்னிக்கே போன காலு அது. யாரு வந்திருந்தாலும் நின்னிருக்காது. டாக்டரம்மாதான் சொன்னாங்க."

டாக்டரம்மா திரும்பி அம்சவல்லியைப் பார்த்தார். பிறகு கிழவரின் கையை மறுபடியும் எடுத்து நாடி பார்க்கத் தொடங்கினார்.